தாளோரத்தில் இரண்டு பெயர்கள்

செடி தேடியவர்கள் – 14

பழைய தாவரவியல் நூலின் படத்தாளைக் கையில் எடுத்தால் கண் முதலில் பூவின் மேல்தான் போகும். பிறகு இலை, காம்பு, கீழே தனியாகப் பிரித்துப் பெரிதாக்கி வரைந்திருக்கும் மகரந்தப்பை, சூலகம் என்று மெல்ல இறங்கும். அடி விளிம்புவரை யாரும் பார்ப்பதில்லை. ராபர்ட் வைட் மதராஸிலிருந்து வெளியிட்ட ‘ஐகோனஸ்’ என்ற நூலை விரிக்க வாய்த்தால் அந்த விளிம்பைத்தான் முதலில் பாருங்கள். எறும்பு ஊர்ந்த தடம்போல் சின்னஞ்சிறு எழுத்தில் ‘ரங்கய்யா டெல்.’ என்றிருக்கும். பின்னால் போகப் போக ‘கோவிந்து டெல்.’ என்று வரும். ‘டெல்.’ என்பது ‘வரைந்தார்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம். அருகே ‘டம்ஃபி லித்.’ என்று இன்னொரு பெயர் இருக்கும். படத்தைக் கல்லச்சில் ஏற்றியவர் அவர்.

சென்ற இதழில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய கோனிக்கைப் பார்த்தோம். நம் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இன்றும் இருப்பவர். தமிழ் அகராதி தொகுத்துக்கொண்டே செடிகளையும் உலர்த்திச் சேர்த்த பாதிரியார் ராட்லரையும் பார்த்தோம். அதற்கு முந்தைய இதழில் ராக்ஸ்பரோ. அவருடைய ‘கோரமண்டல் கரைச் செடிகள்’ நூலில் 300 படங்கள். வரைந்தவர்கள் இந்தியர்கள். அவர்கள் பெயர் என்ன என்று அந்தத் தாள்களில் எங்கும் இல்லை. அந்த 300 தாள்களையும் பார்த்துவிட்டு வைட்டின் நூலுக்கு வரும்போதுதான் ‘ரங்கய்யா’ என்ற எழுத்துகளின் அருமை தெரிகிறது. வைட்டின் கதையை அவரிடமிருந்து தொடங்காமல் தாளின் ஓரத்திலிருந்து தொடங்கியதற்கு இதுவே காரணம்.

வைட் ஸ்காட்லாந்துக்காரர். 1796-ல் ஈஸ்ட் லோதியனில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்தார். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராக மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் கம்பெனி மருத்துவர்களில் பலருக்குச் செடி சேர்க்கும் பழக்கம் உண்டு. மருந்தின் பெரும்பகுதி செடியிலிருந்து வந்த காலம் அது. தாவரவியல் படிக்காமல் மருத்துவர் ஆக முடியாது. வைட்டுக்கு அந்தப் பழக்கம் சில ஆண்டுகளிலேயே வாழ்க்கையாகிவிட்டது. 1823-ல் அவர் எடின்பரோவுக்கு அனுப்பிய செடிகள் நன்னம்பிக்கை முனைக்கருகே கடலோடு போயின. மனம் விட்டிருக்கலாம், அவர் விடவில்லை. 1826-ல் ‘மதராஸ் இயற்கையியலாளர்’ என்ற அரசுப் பதவி அவருக்குக் கிடைத்தது. தென் மாவட்டங்கள் முழுக்கச் சுற்றினார். இரண்டே ஆண்டுகளில் ஆளுநர் லஷிங்டன் அந்தப் பதவியை ஒழித்தார். அதுவரை சேர்த்தவை மூட்டை கட்டப்பட்டு லண்டனுக்குக் கப்பலேறின. வைட் படை மருத்துவராக நாகப்பட்டினத்துக்குப் போனார்.

பதவி போன அந்த நேரம்தான் இந்தக் கதைக்குத் திருப்பம். நாகப்பட்டினத்தில் அவருக்கு நூலகம் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க உலர்செடித் தொகுப்பும் கிடையாது. தஞ்சாவூர்ச் சீமையின் வயல்களும் கடற்கரையும் இருந்தன, ரங்கய்யாவும் இருந்தார். 1828-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹூக்கருக்கு வைட் எழுதத் தொடங்கினார். கடிதத்தோடு செடிகளும் படங்களும் போயின. அந்தப் படங்களைப் பார்த்த ஹூக்கர் தாம் நடத்திவந்த ‘தாவரவியல் பல்சுவை’ இதழில் அவற்றை அச்சேற்றினார். தஞ்சை மண்ணில் வளர்ந்த செடி ஒன்று ரங்கய்யாவின் தூரிகை வழியாக ஐரோப்பிய அறிஞர்கள் முன் போய் நின்றது.

யார் இந்த ரங்கய்யா? பெயரே தெலுங்கு வழக்கைச் சொல்கிறது. தஞ்சாவூரில் நாயக்கர் காலத்திலிருந்தே தெலுங்கு பேசும் ஓவியக் குடும்பங்கள் உண்டு. தங்கத்தகடு ஒட்டி, கல் பதித்து, ஆலிலைக் கிருஷ்ணனையும் ராமர் பட்டாபிஷேகத்தையும் பலகையில் தீட்டிய ராஜு சமூகத்தார் அவர்கள். ரங்கய்யாவும் கோவிந்துவும் அந்த மரபில் வந்தவர்கள் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அதே ஆண்டுகளில் தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி பறவைகளையும் விலங்குகளையும் செடிகளையும் வரைவித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயற்கையை உள்ளபடி வரையும் வேலை தஞ்சை ஓவியர்களுக்குப் புதிது அல்ல.

ஆனாலும் தாவரவியல் படம் வேறு வகை உழைப்பு. கோயில் ஓவியத்தில் தாமரைக்கு ஒரு வடிவம் உண்டு, பரம்பரையாக வருவது. கண்ணை மூடிக்கொண்டும் கை அதைப் போடும். தாவரவியலாளருக்கு அந்தத் தாமரை பயன்படாது. இந்தக் குளத்தில் இன்று காலை பறித்த பூவில் எத்தனை இதழ், மகரந்தத் தாள் எத்தனை, அவை இதழோடு ஒட்டியிருக்கின்றனவா விலகியிருக்கின்றனவா என்பதுதான் அவருக்கு வேண்டும். இலை நரம்பு எதிரெதிரே பிரிகிறதா, மாறி மாறிப் பிரிகிறதா? தண்டில் மயிர் உண்டா? கனி வெடித்தால் எத்தனை கூறாகப் பிரியும்? இதில் ஒன்று தப்பினாலும் படம் வேறொரு செடியின் படமாகிவிடும். அதோடு செடி காத்திருக்காது. நம் ஊர் வெயிலில் பறித்த பூ உச்சிப்பொழுதுக்குள் துவண்டுவிடும். நிறம் போவதற்குள் பூவை முடித்தாக வேண்டும். ரங்கய்யாவின் படங்களில் இந்தத் துல்லியம் எல்லாம் இருக்கிறது. அதற்கு மேல், தாளின் வெளியை நிரப்பும் ஒரு அழகு இருக்கிறது. கொடி வளையும் இடத்திலும், இலை தன் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டும் இடத்திலும் தஞ்சைக் கை தெரிகிறது. ஐரோப்பாவில் பயின்றவர் படத்தில் அந்த வளைவு வராது என்பது என் எண்ணம்.

படம் எதற்கு, உலர்ந்த செடியே போதாதா என்று கேட்கலாம். காசித்தும்பையை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை தொடங்கியதும் ஈரப்பாறையிலும் ஓடைக்கரையிலும் மரப்பட்டையிலும்கூட அதன் வகைகள் பூக்கும். பல வகைகள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. அந்தப் பூ நனைந்த காகிதத்தைவிட மெல்லியது. தாளுக்கிடையே வைத்து அழுத்தினால் சில நாளில் ஒரு பழுப்புக் கறைதான் மிஞ்சும். பின்னால் வால்போல் நீளும் குழல், இறக்கை போன்ற பக்க இதழ்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். வில்லியம் ஹூக்கரின் மகன் ஜோசப் ஹூக்கர் தம் கடைசி ஆண்டுகளை இந்தக் காசித்தும்பைகளைப் பிரித்தறிவதில்தான் செலவழித்தார். 1911-ல் இறக்கும் காலம் வரையிலும் அதே வேலை. உலர்ந்த பூவைத் தண்ணீரில் நனைத்துப் பிரித்துப் போராடும் அறிஞருக்கு, உயிரோடு இருந்தபோது அந்தப் பூவைப் பார்த்து வரைந்த ஒரு தாள் எவ்வளவு பெரிய துணை! ஆர்க்கிட் மலர்களுக்கும் இதே கதைதான்.

1831-ல் வைட் விடுப்பில் தாயகம் போனார். கூடவே போன செடிகளின் எடை இரண்டு டன். ஒரு லட்சம் உலர்மாதிரிகள், மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் இனங்கள். விடுப்பு என்று பெயரே தவிர மூன்று ஆண்டுகளும் இதிலேயே போயின. ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ஜார்ஜ் வாக்கர் ஆர்னட் துணை நின்றார். மிகையாக இருந்த மாதிரிகளைப் பிரித்து ஐரோப்பியத் தாவரவியலாளர்களுக்கு அனுப்பினார்கள். 1834-ல் இருவரும் சேர்ந்து தென்னிந்தியச் செடிகளை வகைப்படுத்தும் நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார்கள். இரண்டாம் தொகுதி வரவேயில்லை. நான் படித்தவரையில், முற்றுப்பெறாத இந்திய நூல்களில் இவ்வளவு பயன்பட்டது வேறில்லை. குக்குலு மரத்தின் அறிவியல் பெயரில் வைட்டைக் குறித்து இன்றுள்ள ‘வைட்டியை’ என்ற சொல்லும் இதே ஆர்னட் சூட்டியதுதான்.

திரும்பி வந்த வைட்டை ஒரு சிப்பாய்ப் படைப்பிரிவுக்கு மருத்துவராகப் போட்டார்கள். பெல்லாரியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் படை நடந்தது. 710 மைல். வழி நெடுக அவர் செடி சேர்த்தார். 1836-ல் ஆளுநர் பிரெடரிக் ஆடம் அவரை வருவாய்த் துறைக்கு மாற்றினார். பருத்தி, புகையிலை, ஏற்றுமதிக்கு ஆகும் நிலாவாரை ஆகியவற்றை ஆராய்வது வேலை. அதே ஆண்டில் பழனி மலை ஏறினார், இலங்கைக்கும் போய்வந்தார். குற்றாலத்துச் சாரல் அவரை மீண்டும் மீண்டும் இழுத்தது.

அவருக்கு ஒரு குறை நெஞ்சில் இருந்தது. இந்தியச் செடிகளைப் பற்றிய நூல்கள் ஐரோப்பாவில் அச்சாகின்றன. வண்ணப் படங்களோடு, பெருஞ்செல்வர் மட்டுமே வாங்கும் விலையில். சேலத்திலோ திருநெல்வேலியிலோ வேலை பார்க்கும் ஒரு மருத்துவர் ஒரு செடியைப் பறித்துவிட்டு அதன் பெயரை அறிய வழியில்லை. சொற்களால் எழுதிய வர்ணனையை வைத்துக் காட்டில் செடியை அடையாளம் காண்பது பழகியவர்களுக்கே கடினம். படம் வேண்டும், நிறைய வேண்டும், மலிவாக வேண்டும், இங்கேயே அச்சாக வேண்டும். இதுதான் வைட்டின் முடிவு.

கல்லச்சு அதற்கு வழி செய்தது. செப்புத்தகட்டில் செதுக்கும் வேலை நாள் கணக்கில் இழுக்கும், செலவும் அதிகம். சுண்ணாம்புக் கல்லின் வழவழப்பான முகத்தில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை ஏற்றி, கல்லை நனைத்து, மேலே அச்சு மையை உருட்டினால் ஈரம் உள்ள இடத்தில் மை ஒட்டாது, பசையுள்ள கோட்டில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதுதான் அதன் சூட்சுமம். முறை எளிது, செய்வது எளிதல்ல. வைட் தாமே கல்லச்சு வேலையைக் கற்றுக்கொண்டார்.

1838-ல் ‘ஐகோனஸ்’ முதல் பகுதி வெளிவந்தது. ‘கிழக்கிந்தியச் செடிகளின் உருவங்கள்’ என்பது தலைப்பின் பொருள். விலை ஏறக்கூடாது என்பதால் வண்ணம் இல்லை, வெறும் கோடுதான். கல்கத்தாவில் கிடந்த ராக்ஸ்பரோவின் அச்சேறாத படங்கள் சிலவற்றைப் படியெடுத்து முதல் தொகுதிகளில் சேர்த்தார். மற்றபடி உழைப்பு ரங்கய்யாவுடையதும் பிறகு கோவிந்துவுடையதும். 1853-ல் ஆறாம் தொகுதி முடிந்தபோது படங்களின் எண்ணிக்கை 2,101. ஆண்டுக்குச் சராசரி 140. இடையில் கைவண்ணம் தீட்டிய வேறு இரண்டு நூல்களும் வந்தன. அவற்றுள் நீலகிரிச் செடிகளைப் பற்றிய நூலுக்கு அவர் லத்தீனில் வைத்த பெயருக்கு ‘கதிர் பொறுக்கல்’ என்று பொருள். அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்குவது. நம் ஊரில் ஏழைப் பெண்கள் செய்யும் வேலை. பெரிய அறிஞர் தம் நூலுக்கு அந்தப் பெயரை வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதில் நம் மொழிக்கும் ஒரு தொடர்பு உண்டு. ‘ஐகோனஸ்’ நூலின் சில பகுதிகள் அச்சானது மதராஸ் அமெரிக்க மிஷன் அச்சகத்தில். அதை நடத்தியவர் ஹண்ட். 1862-ல் வின்ஸ்லோவின் தமிழ் – ஆங்கில அகராதி வெளிவந்ததும் அதே ஹண்ட்டின் கையால், அதே அச்சகத்திலிருந்துதான்.

செங்காந்தள் அந்த நூலில் இருக்கிறது. குறிஞ்சியின் பேரினத்தைச் சேர்ந்த செடிகள் வரிசையாக இருக்கின்றன. சங்கப் புலவர்கள் பெயர் சொல்லிப் போன பூக்கள். இந்தத் தாள்களைப் புரட்டும்போது அந்தப் பெயர்களின் நினைவு வராத தமிழர் இருக்க முடியாது. ஆனால் ரங்கய்யாவும் கோவிந்துவும் அவற்றை உவமையாகப் பார்க்கவில்லை. இதழின் விளிம்பு அலையோடி நெளிவதையும் இலையின் நுனி பற்றுக்கம்பியாகச் சுருள்வதையும் பார்த்தார்கள். அப்படிப் பார்ப்பதும் ஒரு பூவை மதிப்பதுதான்.

இத்தனைக்கும் வைட்டுக்குச் சம்பளம் தந்தது செடிகளுக்காக அல்ல. 1842 முதல் 1853 வரை அவர் கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைப் பண்ணைகளின் மேற்பார்வையாளர். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்க நீள இழைப் பருத்தி வேண்டும். அதை இந்திய மண்ணில் விளைவித்துவிட்டால் அமெரிக்காவை நம்ப வேண்டியதில்லை என்பது கம்பெனியின் கணக்கு. கொங்கு உழவர்களுக்குக் கை பழகியது உப்பமும் நாடனும். அவை மானாவாரியில் தாங்கும், இழை குட்டை. அமெரிக்கப் பருத்தி இங்கே வளரும் என்று வைட் கடைசிவரை வாதாடினார். அரசு எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. அந்தப் பதினோரு ஆண்டுப் பருத்திக் கோப்புகளை இன்று ஆய்வாளர்கள் மட்டுமே தேடுகிறார்கள். ஓய்ந்த நேரத்தில் செய்த வேலைதான் நின்றது.

இனி கோவிந்துவுக்கு வருவோம். ரங்கய்யா ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைட்டுக்காக வரைந்தார். 1840களின் நடுவில் அவர் பெயர் மறைகிறது, கோவிந்துவின் பெயர் தொடர்கிறது. ‘ஐகோனஸ்’ கடைசித் தொகுதியில், 1853-ல், ஒரு தென்னிந்திய ஆர்க்கிட்டைப் புதிய பேரினம் என்று கருதிய வைட் அதற்குச் சூட்டிய பெயர் ‘கோவிந்தூயியா’. செடிப் பேரினத்துக்கு ஒரு மனிதரின் பெயரை வைப்பது தாவரவியல் உலகின் மிகப்பெரிய மரியாதை. ஆளுநர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் கிடைப்பது. மாதச் சம்பளத்துக்கு வரைந்த ஓர் இந்திய ஓவியருக்கு வைட் அதைக் கொடுத்தார்.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அதே பேரினத்துக்கு லண்டனில் தாவரவியலாளர் லிண்ட்லி 1833-லேயே ‘டிராப்பிடியா’ என்று பெயரிட்டிருந்தார். முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விதி. இன்று ‘கோவிந்தூயியா’ என்ற பெயர் இணைப்பெயர்ப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது. ரங்கய்யாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வயல் வரப்புகளில் வளரும் கோடகசாலையின் பேரினப் பெயர் ‘ருங்கியா’. பார்த்தவுடன் ரங்கய்யாவின் பெயரோ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, மகிழ்ச்சியோடு தேடிப் போனேன். அது ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கேயின் பெயரால் வந்தது. காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தவர் அவர். வைட்டின் பெயரிலோ இனங்கள் நிறைய உண்டு. ‘வைட்டியா’ என்று இமயமலை மரப் பேரினம் ஒன்றும் இருக்கிறது. வெட்பாலையின் ‘ரைட்டியா’வை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, அது வில்லியம் ரைட் என்ற வேறு மருத்துவர்.

வைட் மற்றவர்களைவிட நியாயமாக நடந்தார் என்றே நான் நினைக்கிறேன். அதோடு நிறுத்தவும் எனக்கு மனமில்லை. ஓவியர்களின் பெயரைப் போட்டவர், அவர்கள் எந்த ஊர், யார் மகன், யாரிடம் பயின்றார்கள் என்று எழுதி வைக்கவில்லை. செடி தேடி மலை ஏறி இறங்கிய ஆட்களின் பெயர்கள் தாளோரத்தில்கூட இல்லை. அட்டைக் கடியும் மலைக்காய்ச்சலும் அவர்களுக்கும் இருந்திருக்கும். பழனி மலையில் எந்தச் சரிவில் எந்த மாதம் எது பூக்கும் என்று வைட்டுக்கு வழி காட்டியவர்கள் அங்கே வாழ்ந்தவர்களாகத்தானே இருக்க முடியும்?

வைட் 1853-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கருகே கிரேஸ்லியில் குடியேறினார். தம் உலர்செடித் தொகுப்பைக் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டு 1872 மே 26-ல் காலமானார். அதே ஆண்டில்தான் ஜோசப் ஹூக்கரின் ‘பிரிட்டிஷ் இந்தியத் தாவரங்கள்’ நூல் வெளிவரத் தொடங்கியது. 1915 முதல் வெளிவந்த கேம்பிளின் ‘மதராஸ் மாகாணத் தாவரங்கள்’ நூலைப் பிரித்தால், செடிக்குச் செடி வைட்டின் படத்தைக் குறிக்கும் சுருக்கக் குறியும் எண்ணும் வருகின்றன. வனத்துறையினரும் கல்லூரி மாணவர்களும் தலைமுறை தலைமுறையாக அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ரங்கய்யாவின் படத்துக்கும் கோவிந்துவின் படத்துக்கும் போயிருக்கிறார்கள்.

மூல ஓவியங்களில் சுமார் 700 எடின்பரோ அரச தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. நீண்ட காலம் அவற்றைப் பற்றி வெளியுலகில் பேச்சே இல்லை. அந்தப் பூங்காவின் ஆய்வாளர் ஹென்றி நோல்டி பல ஆண்டுகள் உழைத்து, வைட் நடந்த ஊர்களைத் தேடித் தென்னிந்தியாவிலும் பயணம் செய்து, 2007-ல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். ஒரு தொகுதியின் தலைப்பிலேயே ரங்கய்யா, கோவிந்து இருவரின் பெயரும் இருக்கின்றன. அட்டையில், பெரிய எழுத்தில்.

வைட் கப்பலேறிய பிறகும் கோவிந்து தூரிகையைக் கீழே வைக்கவில்லை. மதராஸ் வனத்துறையை நிறுவிய கிளெகார்னுக்காக வரைந்தார். பிறகு ரிச்சர்ட் பெட்டோம் என்ற ராணுவ அதிகாரி வந்தார். ஆனைமலைக் காடுகளில் பெரணி தேடி அலைந்தவர். பெரணிக்குப் பூ கிடையாது. இலையின் அடியில் பொட்டுப் பொட்டாக இருக்கும் வித்துப்பைகளை வைத்துத்தான் இனம் பிரிக்க வேண்டும். 1860களில் கோவிந்து அந்தப் பொட்டுகளை எண்ணி வரையத் தொடங்கினார். அடுத்த இதழ் அங்கிருந்து.